முதுகுப் பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆல்போர்க் நகரில் இறுதிச்சடங்கு நிலையம் நடத்தும் பிரெபெனின் மேஜைமேல், போதில் என்ற மூதாட்டி ஒரு நீலப் பட்டுக் கவுனை விரித்தாள். எண்பத்தோரு வயது. பள்ளிக்கூட நாளிலிருந்து தன் உடுப்பையெல்லாம் தானே தைத்தவள். சவப்பெட்டிக்குள் போட்டுக்கொள்வதையும் கடையில் வாங்குவதாக இல்லை.

"அழகா இருக்கும்மா. ஆனா முதுகுல நீளமாக் கத்தரிச்சுத்தான் போட்டுவிடுவோம். விறைச்ச கை மடங்காது" என்றான் பிரெபென்.

"என் துணியில உன் கத்தரியா? அதுக்கு நான் சாகாமலே இருந்துடுவேன்."

கவுனைச் சுருட்டிக்கொண்டு போனவள் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தாள். கழுத்திலிருந்து விளிம்புவரை முதுகைத் தானே பிரித்து, ஓரம் மடித்துத் தைத்து, கட்டுவதற்கு நாடாக்கள் வைத்திருந்தாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை.

பிரெபென் தொட்டுப் பார்த்தான். "இதுக்குக் கத்தரியே வேண்டாம். காபி குடிக்கிறீங்களா?"

"அது அப்புறம். போட்டுப் பார்க்காம நான் எதையும் முடிச்சதில்லை. நான் படுத்தா யார் கட்டிப் பார்க்கிறது? நீயும் என் பருமன்தான். கோட்டைக் கழட்டிட்டு மூலையில இருக்கிற அந்தச் சவப்பெட்டியில படு தம்பி. செத்த மாதிரியே கிடக்கணும், ஒத்தாசை பண்ணக் கூடாது, சரியா?"