மூடிக்கு அடியில் நீர்

தண்ணீர் எங்கே சொட்டினாலும் அதற்கு ஒரு குழாய் இருந்தே தீர வேண்டும் என்பது பிளம்பரின் கணக்கு. ஆயுசு பூரா அடுத்தவர் வீட்டு ஒழுகலைத் தேடியே பிழைத்த மனுஷனுக்கு வேறெப்படித் தோன்றும்? குளிர் ஆரம்பித்த மாதம் அவர் வீட்டு அடுப்படிக் கூரையே முத்து முத்தாகச் சொட்டியது. விறுவிறுவென்று மாடியேறி, பாகப் பிரிவினையில் மாடியைப் பெற்றிருந்த அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உன் சிங்க் கிட்ட எங்கேயோ ஒழுகுதுக்கா."

"இங்கே எல்லாம் காஞ்சு கெடக்குடா, தொட்டுப் பாரு. குளிருதுன்னு உன் அடுப்படி ஜன்னலை ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்ட, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையையும் அடைச்சுட்ட. மொதல்ல அதைத் திற."

கேட்பாரா? "எனக்கே பாடம் நடத்துறியா?" என்று உளியைக் கொண்டுவந்து அவள் தரையைப் பெயர்த்தார். ஒரு குழாயும் ஒழுகவில்லை. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம், பாவி மனுஷன். "என் வீடு நாசமாகணும்னே தண்ணியைக் கொட்டிட்டு நாடகமாடுற" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டார். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான். மறுவாரமே சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மாடி காலி. மாடிக்குப் போகும் வால்வையும் மூடியாயிற்று. ஆனால் அந்தச் சனியன் பிடித்த சொட்டு நிற்கவில்லை, முன்னைவிடக் கூடிப்போனது. மேலே அடுப்பு எரியாமல் தரை சில்லிட்டுப் போனது அவருக்கு எங்கே உறைக்கும்?

அவர் மனைவி குளிக்க வெந்நீர் வைத்திருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். அடிப்பக்கம் பூரா நீர் கோத்துச் சொட்டியது.

"இந்த மூடிக்கு மேல எந்த அக்கா குடியிருக்கா?"

அவர் போய் ஸ்க்ரூவைக் கழற்றி ஜன்னலைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் கூரை காய்ந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்காகவா அவளைத் துரத்தினோம்? போனை எடுத்தார்.

"அக்கா, தப்பெல்லாம் என்னோடது. ஒழுகவே இல்லக்கா, வெறும் ஆவி. வந்துடு, தரையை நானே போட்டுத் தர்றேன்."

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சுக்கா."

"நல்லது. மாடியை வித்துட்டேன்டா தம்பி. ஒழுகுமாமேன்னு வாங்குறவங்க கேட்டாங்க. ஆமான்னு சொல்லி, வந்த விலைக்குக் கொடுத்துட்டேன். நீ சொன்னது தப்புன்னு வெளியே தெரிஞ்சா, உன் தொழிலுக்குப் பேரு கெட்டுடும்ல?"