நேர்ச்சைப் பானை

ராயப்பனுக்குச் செபம் வராமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாய் என்னவோ சொல்லும். குடவாசலுக்குக் கிழக்கே அந்தச் சின்ன ஊரின் ஓலைக் கோவிலில் மணி அடிப்பதும், செபமாலையைத் தொடங்கி வைப்பதும் அவர்தான். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் தெருச் சனத்துக்கு ராயப்பன்தான் உபதேசியார். வாலிபத்தில் அவர் செபம் சொன்னால் கைப்பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்பார்கள். இப்போது நாற்பது தாண்டிய உடம்பு. மண்டி போட்டால் முழங்கால் வலிதான் தெரிந்தது. எதிரே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒருமுறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமென்று போனார். இது பாவத்தில் சேருமா சேராதா என்று பிடிபடாமல், பண்ணை மாட்டை அடித்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போனார். கொடியேற்றம் பார்த்து, மொட்டை போட்டு, கடலில் முழுகி எழுந்தார். தலை லேசானது, மனசு லேசாகவில்லை. அங்கேயே மணலில் உட்கார்ந்து ஒரு நேர்ச்சை வைத்துக்கொண்டார்.

அவர்கள் தெருவில் எந்த வீட்டில் உலை வைத்தாலும், அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளிக் கோவிலுக்கென்று தனிப்பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கோவிலில் கொட்டுவார்கள். ராயப்பன் வைத்த நேர்ச்சை வேறு. வாராவாரம் கொட்டாமல், ஓர் உலைகூடத் தவறாமல் சேர்த்து, பானை கழுத்தைத் தொட்டதும் அப்படியே பீடத்தில் வைப்பது. அன்றைக்குத் தன் செபம் திரும்பி வந்துவிடும் என்று அவர் நம்பினார். பெண்டாட்டி சவரியாயியிடம் பாதியைத்தான் சொன்னார். பானை நிறைய வேண்டும், ஏனென்று கேட்காதே என்றார். அவளும் கேட்கவில்லை.

அந்தக் குறுவை அறுப்பில்தான் தகராறு வந்தது. கோட்டையில் ஆட்சி மாறியாயிற்று, இனி வயலிலும் மாறும் என்று சனம் நம்பியிருந்தது. வயலில் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, சங்கத்து வீரையன் சொற்படி எல்லோரும் அரிவாளைக் கீழே வைத்தார்கள். பண்ணை வைத்தியலிங்கம் அசரவில்லை. ராமநாதபுரம் பக்கமிருந்து லாரியில் ஆட்களை இறக்கி, போலீஸ் காவலோடு அறுக்க விட்டார். தான் நாற்று விட்டு வளர்த்த பயிரை யாரோ அறுப்பதை ராயப்பன் வரப்பில் நின்று பார்த்தார். அவர் வாயில் சொல்லக்கூடாத வார்த்தைகள் வந்தன. செபம் வராத வாயில் அவை தட்டாமல் வந்தன.

தெருவில் அடுப்பெரிவது ஒருவேளையானது. நத்தையும் கீரையும் வெந்தன. எங்கிருந்தாவது கைமாற்றாக அரிசி வந்த அன்று, சவரியாயி முதல் பிடியைப் பானையில் போட்டுவிட்டுத்தான் களைவாள். தன் பங்குக் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டாள். பிடியைக் குறைக்கவில்லை. கணவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு அவளால் முடிந்தது அந்தப் பிடி.

ஐப்பசி மழை தொடங்கும்போது தாசில்தார் முன்னால் பேச்சு முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது. இனி உள்ளூர் ஆள்தான் அறுக்க வேண்டுமென்று எழுதிக் கையெழுத்தானது. வைத்தியலிங்கம் வெளியூர்க்காரர்களைக் கூலி கொடுக்காமலே களத்தை விட்டு விரட்டினார். திரும்பக் கூட்டிப்போக லாரி வரவில்லை. மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் அவர்கள் கோவில் தாழ்வாரத்தில் வந்து ஒண்டினார்கள். தெருக்காரர்கள் எதிரே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பண்ணைச் சோறு அதற்குள் செரித்துவிட்டதா என்று வீரையன் கேட்டதற்குச் சிலர் சிரித்தார்கள்.

மத்தியானம் வயலிலிருந்து வந்த ராயப்பன் வீட்டில் பானையைக் காணவில்லை. கோவிலுக்கு ஓடினார். தாழ்வாரத்தில் மூன்று கல்லைக் கூட்டி வைத்து, சவரியாயி பானையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே வெளியூர்க்காரி ஒருத்தி, மடியில் துவண்ட பிள்ளையோடு இருந்தாள்.

"அது நேர்ச்சப் பானை சவரி. கழுத்தத் தொட்டுடுச்சு. ஞாயித்துக்கெழம வெக்கணும்."

"தெரியுங்க," என்றாள். "அந்தப் பொண்ணு மடியில கெடக்குற புள்ள ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காதுங்க."

சொல்லிக்கொண்டே பானையைக் கவிழ்த்தாள். அந்தப் பெண் முந்தானையை விரித்து வாங்கினாள். இத்தனை நாள் சேர்த்தது, ராயப்பன் யாரை ஏசினாரோ அவர்கள் மடியிலேயே போய் விழுந்தது.

அந்தப் பெண் களைய உட்காரவில்லை. அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு எழுந்து, கோவில் சாவியோடு நின்ற ராயப்பனிடம் வந்தாள்.

"இது கோயிலுக்குண்ணே."

அவருக்கு விளங்கவில்லை. தங்கள் ஊரிலும் சூசையப்பர் கோவில் உண்டு, முதல் பிடி எடுக்காமல் உலை வைப்பதில்லை என்று அவள் சொன்னாள்.

"தெனம் சாயந்தரம் ஒங்க மணி களத்துல கேக்கும்ண்ணே. இங்க வரப் பயம். அங்கயே நெல்லு மேல மண்டி போட்டுச் சொல்லிக்குவோம்."

ராயப்பன் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி அந்தப் பிடியை வாங்கினார். எதிரே யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் அடித்த மணி அது. அவர் வரப்பில் நின்று ஏசிய சனம் அதற்கு மண்டி போட்டிருக்கிறது.

விறகு ஈரம். புகைந்தது. வீரையன் போய், தன் வீட்டுக் காய்ந்த விறகைக் கொண்டுவந்து போட்டான்.

சோறு இறங்கியதும் செபம் சொல்லச் சொன்னார்கள். ராயப்பன் மண்டி போட்டுப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். அன்றாட உணவைக் கேட்கும் இடத்துக்கு வந்தபோது இறக்கி வைத்த சோற்றைப் பார்த்தார். அதற்கு மேல் வரவில்லை. மீதியை வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். தெருச் சனம் பின்னால் சேர்ந்துகொண்டது. அவர் கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலி ஞாபகத்துக்கே வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சவரியாயி சொன்னாள்:

"ரெண்டு வருசமா வேகாத அரிசிய மெல்லுற மாதிரி சொல்லிக்கிட்டிருந்தீங்க. இன்னிக்கித்தான் வெந்துச்சு."

"ஒனக்குத் தெரியுமா?"

"பக்கத்துல மண்டி போடுறவளுக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த ஒரு பிடி அரிசியைப் பானையில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனார். நடக்க நடக்க அடியில் அரிசி சலசலத்தது. என்ன உபதேசியாரே, நேர்ச்சை பானையடியிலேயே நின்றுவிட்டதா என்று வழியில் ஒருவர் சிரித்தார். ராயப்பனும் கூடச் சிரித்தார். பானையை இரண்டு கையாலும் பிடித்தபடி, தளும்பத் தளும்ப நிறைந்ததைச் சுமப்பவர்போல மெல்ல நடந்தார்.