தறிவீட்டுத் தாழ்ப்பாள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பரமசிவத்திடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. தாழ்ப்பாள்.

மனைவி பெயர் வரவில்லை. மகன் பெயர் வரவில்லை. காலையும் மாலையும் சொல்லிவந்த சிவநாமமும் வரவில்லை. கூடத்துக் கட்டிலில் படுத்தபடி, தறி இருக்கும் அறையின் கதவைப் பார்த்து இடது கையை நீட்டி, "தாழ்ப்பாள், தாழ்ப்பாள்" என்பார்.

"போட்டுத்தாங்க இருக்குது," என்பாள் கலாவதி. எழுந்து போய், அவர் காதில் விழும்படி அதை ஒருமுறை இழுத்துத் திரும்பவும் போடுவாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதன் பிறகு கஞ்சியை நீட்டினால் வாய் திறக்கமாட்டார்.

மகன் தினேஷ், ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த ஒரு நாள், பழைய இரும்புத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு ஸ்டீலில் புதிதாக ஒன்று பொருத்தினான். "இப்ப நல்லா ஸ்ட்ராங்கா இருக்குதுப்பா. ஆனையே வந்து முட்டினாலும் தொறக்காது," என்று தட்டிக் காட்டினான். பரமசிவத்தின் கண்ணில் நீர் வழிந்தது. அப்பா சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து அவனும் அழுதான்.

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு சேலை பாதியில் நின்றிருந்தது. ஒவ்வோர் ஆடியிலும் தெருக்கோடி அம்மனுக்கு ஒரு பட்டுச்சேலை அந்த வீட்டிலிருந்து போகும். அது தறியில் இருக்கும் நாளெல்லாம் தறிவீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். யார் வந்தாலும் உள்ளே போய் ஓர் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் ஓர் இழை, போட்டுவிட்டு வரலாம். பால்காரர் போட்டிருக்கிறார். கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவர் போட்டிருக்கிறார். பரமசிவத்தின் அப்பா தொடங்கிவைத்த வழக்கம் அது. இந்த வருஷமும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் தறிக்குழியில் உட்கார்ந்த பரமசிவம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

"ஊரே வந்து கை வெச்சுட்டுப் போவுது. எவ கண்ணு எப்படியோ," என்றாள் எதிர்வீட்டு நீலாம்பாள். "மொதல்ல அந்தக் கதவ சாத்துமா."

பயம் நுழைந்த வீட்டில் முதலில் கதவைத்தான் சாத்துகிறோம். கலாவதியும் சாத்தினாள். மிச்சச் சேலையை, உள்பக்கமும் ஒரு தாழ் போட்டுக்கொண்டு, தனியாகவே நெய்தாள். தன் பயம்தான் அவருக்கும் என்று நம்பினாள். அதனால்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னாள்.

"குடுத்து வெச்சவ நீ," என்பாள் நீலாம்பாள். "என் வூட்டுக்காரரு நாளெல்லாம் பேசிக்கினேதான் கீறாரு, ஒண்ணாவது உருப்படியா இருக்குதா? உன் வூட்டுக்காரரு ஒரே வார்த்த, அதுவும் வூட்டப் பத்தி."

கலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தார். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கைகால் பயிற்சி கொடுக்க முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோனாள் கலையரசி. ஒரு வியாழக்கிழமை, அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது, கலாவதி தறிவீட்டுக்குள் போய் உள்தாழைப் போட்டாள். உடனே அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். கலையரசியின் கைக்குள் இருந்த கால் விறைத்தது.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாங்களேன்."

கலாவதி வந்தாள். "என்னாம்மா?"

"நீங்க தாழ் போடற சத்தம் கேட்டதும் அப்பா ஒடம்பு முறுக்கிக்குது. போடணும்னு கேக்கறவரு, போட்டதும் அடங்கணும் இல்ல?"

"பயப்படறாரும்மா. கண்ணு பட்டுடுச்சின்னு."

"அப்படின்னு அவரு சொன்னாரா?"

கலாவதி கதவைத் திரும்பிப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவைப் பற்றி அவர் ஒருநாளும் பயந்ததில்லை. மழையில் ஒதுங்கியவர்களைக்கூட, "வாப்பா, அம்மன் சேலைக்கு ஒரு கை குடு" என்று கூப்பிட்டவர் அவர். பயந்தது தான்தான்.

அவள் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தாள். தறியும், முருங்கைப்பூ நிறத்து ஜரிகைக் கரையும் கூடத்திலிருந்தே தெரிந்தன. தினேஷ் பொருத்திய தாழ்ப்பாளின் நீண்ட கம்பி வெளியே துருத்தி நின்றது. அதைப் பின்னுக்குத் தள்ளி, தன் தலைமுடி ரிப்பனை அவிழ்த்து, அசையாதபடி கட்டினாள்.

"இதானாங்க?"

பரமசிவம் கண்ணை மூடித் திறந்தார். நீட்டியே இருந்த இடது கை மெல்ல நெஞ்சின் மேல் இறங்கியது. பிறகு அதே கை எழுந்து கலையரசியைக் காட்டியது. தறியைக் காட்டியது.

"உன்னத்தாம்மா கூப்புடறாரு," என்றாள் கலாவதி. "வந்து ஒரு ஊடை போடு."

கலையரசி தயங்கினாள். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்கம்மா."

"அம்மனுக்கு அது தெரியாதா என்னா? வாம்மா."

கலையரசி செருப்பு இல்லாத காலைத் தறிக்குழிக்குள் இறக்கினாள். கலாவதி சொன்னபடி மிதியை அழுத்தி, ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டையான நாடாவைத் தள்ளினாள். அது பாதியில் நின்றுவிட்டது. "ஸ்கூட்டி மாதிரி இல்ல, இது ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது," என்றாள். கலாவதி சிரித்துவிட்டாள். இரண்டாவது தள்ளலில் நாடா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. இழை கொஞ்சம் தொய்ந்திருந்தது. கலாவதி அதைப் பிரித்துச் சரிசெய்யவில்லை. இழைகளை நெருக்கும் சீப்பு போன்ற அச்சை இழுத்து, அந்த இழையை மற்ற இழைகளோடு சேர்த்து அடித்தாள்.

கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். முதல் கரண்டிக்கு அவர் வாய் திறந்தார். இரண்டாவதுக்கும் திறந்தார். கலாவதி அடுத்ததை எடுத்தாள்.

எதிர்வீட்டிலிருந்து நீலாம்பாள் எட்டிப் பார்த்தாள். "என்னா, கதவு தொறந்து கிடக்குது?"

"ஆமாக்கா. வந்து ஒரு ஊடை போட்டுட்டுப் போ."

நீலாம்பாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

கலையரசி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பழக்கத்தில் கட்டிலைத் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு வரேம்பா. தறிவீட்டுக் கதவ சாத்தட்டுமா?" என்றாள்.

"தாழ்ப்பாள்," என்றார் பரமசிவம்.

"சாத்த வேணாம்," என்றார்கள் கலாவதியும் கலையரசியும் ஒரே குரலில். அவர் வாயின் இடது ஓரம், சிரிப்பு வரும் ஓரம், லேசாக மேலே ஏறியது.