கொளஞ்சி குறைத்துச் சொன்ன உயரம்

கொளஞ்சிக்கு ஊர்க்கண் என்றால் பயம். கிட்னிக் கோளாறு உள்ள பிள்ளைகள் சரியாக வளராது என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்க, அவள் மகள் வினோதினியோ ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்து நின்றாள். பதினொரு வயது. கொளஞ்சிக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை; ஆனால் வெளியே மூச்சு விடுவாளா? கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா, “பொண்ணு நல்ல ஒசரமா இருக்குதே” என்றதற்கு, “செருப்பு ஒசரங்க” என்று மழுப்பினாள். வினோதினி காலில் இருந்ததோ தேய்ந்துபோன ரப்பர் செருப்பு.

ஆஸ்பத்திரியில் அன்று ஏகப்பட்ட கூட்டம். நர்ஸ் ரேகா உயரம் அளக்கக் கூப்பிட்டதும் கொளஞ்சி முந்திக்கொண்டாள்.

“வூட்லயே அளந்துட்டம்மா. நூத்தி இருவத்தாறு.”

அது போன வருஷம் ஆஸ்பத்திரி நோட்டில் எழுதியிருந்த எண். இத்தனை பேருக்கு நடுவில் பிள்ளையின் வளர்த்தியைப் போட்டு உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாய் திறக்கப் போன மகளுக்கு ஒரு கிள்ளு விழுந்தது.

டாக்டர் மாலதி ரத்தப் பரிசோதனை ரிசல்டைப் பார்த்தார். முகம் வாடியது.

“கிட்னி வடிகட்டுற அளவு போன வருஷம் அறுவத்திரெண்டு. இப்ப அம்பத்தெட்டுன்னு வருது. கொறைஞ்சிகிட்டே போனா சென்னைக்குத்தான் அனுப்பணும்.”

கொளஞ்சி மேசையோடு ஒட்டி நின்றாள். “எத வச்சிம்மா சொல்றீங்க?”

“ரத்தத்துல இருக்கற கிரியேட்டினின்ங்கற கழிவையும் உயரத்தையும் சேத்துத்தான் பிள்ளைங்களுக்குக் கணக்குப் போடுவோம். கிரியேட்டினின் ஏறியிருக்கு. பொண்ணு உயரம் அப்படியே நிக்குது.”

அப்படியே நிற்கிறதா? அவள் பெற்ற பிள்ளையா? பயத்தையும் மீறி ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் பொய் சொல்லிட்டம்மா. கண்ணு பட்டுடும்னு கொறச்சிச் சொன்னேன். ஸ்கூல் பாவாடைய ரெண்டு வாட்டி பிரிச்சி வுட்டுருக்கேன். நீங்களே அளந்து பாருங்க.”

டாக்டர் முறைத்தார். பிறகு அவரே எழுந்து வினோதினியைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். நூற்று முப்பத்தாறு. மறுபடியும் கணக்குப் போட்டார்.

“அறுவத்திரெண்டு. கொறையவே இல்ல. உடம்பு வளந்தா கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறும். இனிமே கண்ணு பட்டாலும் பரவால்ல, உயரத்த மறைக்காதீங்க.”

கொளஞ்சி மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். “பாப்பாவுக்கு அரை டிக்கெட்தான?”

வயசுக்கு அரை டிக்கெட்தான். கொளஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“முழு டிக்கெட்டே குடுங்க. நூத்தி முப்பத்தாறு இருக்கா எம்பொண்ணு.”

கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது.