ஹில்டா வைத்த வேகம்

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதைப் பற்றிய பிரசங்கம் முடிந்ததும் அந்த ஆலயத்தில் யாரும் பாடமாட்டார்கள். பீடத்துக்கு இடப்பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பழைய ஐரோப்பிய இசையை வாசிப்பார்கள். ஹில்டா வயலின், எலியேசர் செல்லோ, காலேஜில் படிக்கும் நிக்கோல் கீபோர்டு. டி மைனர் என்கிற சோகமான சுருதியில் அமைந்த இசை அது. துக்க வீட்டில் அழுது ஓய்ந்த பிறகு ஒரு அமைதி வருமே, கேட்கும்போது அப்படி இருக்கும். மைசூரில் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்கள் அதற்காகவே தலைகுனிந்து காத்திருப்பார்கள்.

எலியேசர் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர், எழுபதைத் தாண்டியவர். செல்லோ என்றால் வயலினை மார்பளவுக்கு வளர்த்துவிட்ட மாதிரி இருக்கும். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். என் சம்சாரம்கூட இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார், அவரே சிரித்தும் கொள்வார்.

இந்த வருஷம் ஹில்டாவின் மகன் ஆலன் பெங்களூரில் வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிட மட்டும் அறையை விட்டு வெளியே வந்தான். அவனும் செல்லோ வாசிப்பான், நன்றாகவே வாசிப்பான். பீரோவுக்குப் பக்கத்தில் அது உறையோடு சாய்ந்து கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் ஹில்டா அதன் தூசியைத் தட்டிவிட்டாள். சபையில் வந்து வாசியேன்டா என்று கெஞ்சினாள். அங்கிள் இருக்கிறாரே என்றான். செல்லோவுக்கு இருந்தது ஒரே நாற்காலி.

பெற்ற மனசு என்னவெல்லாம் யோசிக்கும் பாருங்கள். எலியேசரின் வலது கை லேசாக நடுங்குவதை, தேநீர்க் கோப்பையை அவர் பிடிக்கிற விதத்தில் ஹில்டா கவனித்திருந்தாள். டி மைனரில் செல்லோவில் விரல் வைக்காத வெறும் தந்திகளே பாதி வேலையைச் செய்துவிடும், இடது கைக்குக் கஷ்டமில்லை. வில் பிடிக்கிற வலது கைக்குத்தான் பாடு. ஒரே இழுப்பில் ஒரு நீண்ட சுரம். வேகமாக இழுத்தால் நடுக்கம் மறைந்துவிடும். மெதுவாக இழுத்தால் மறைய இடமில்லை.

அடுத்த பிராக்டீஸில் அவள் இசைத்தாளின் தலைப்பைத் தொட்டுக் காட்டினாள். மெதுவாக என்று எழுதியிருக்கிறதே, நாம்தான் வருஷா வருஷம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்றாள். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால்தான் அவள் ஒளிந்துகொண்டாள்.

முதல் நீண்ட சுரத்திலேயே வில் தந்தியின் மேல் தத்தியது. ஒலி துண்டு துண்டாக வந்தது.

“என் வில்லுக்குக் குளிர் ஜுரம் போல இருக்கு,” என்றார் எலியேசர்.

அடுத்த வாரம் ஹில்டா இன்னும் மெதுவாகத் தொடங்கினாள். நிக்கோல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரம் எலியேசர் பாதியில் செல்லோவை உறையில் வைத்து மூடினார். ஆலனை உட்கார வை, பையன் சும்மாதானே இருக்கிறான் என்றார். அப்படிச் சொல்லாதீங்க அண்ணா என்று ஹில்டா சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

ஆலன் வந்தான். ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். ஹில்டா தலையசைத்துத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நிக்கோல் வாசிப்பதை நிறுத்தினாள்.

“ஆண்டி, போன பிராக்டீஸ்ல அங்கிள் இருந்தப்போ இவ்ளோ ஸ்பீட் இல்லையே. சும்னே கேட்டேன்,” என்றாள், கன்னடம் கலந்து.

ஹில்டாவின் கை தானாகவே பழைய வேகத்துக்குத் திரும்பியிருந்தது. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரின் பின்னால் செல்லோவை முதுகில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆலன் கேட்டான்.

“அங்கிளுக்குக் கை நடுங்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா மம்மி?”

முன்னால் போன பஸ்ஸைப் பார்த்தபடியே, தெரியும் என்றாள். வீடு வந்ததும் அவன் நேரே தன் அறைக்குப் போனான். செல்லோ பழையபடி பீரோவுக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்தது.

மறுநாள் அவள் எலியேசரின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்து, வாசலிலேயே புலம்ப ஆரம்பித்தாள். மனுஷர் ஸ்கூட்டர் எடுப்பதை நிறுத்திவிட்டாராம். திருவிருந்தில் திராட்சரசப் பாத்திரத்தை இனித் தூக்கமாட்டேன், சிந்திவிடுவேன் என்று சபைப் போதகர் ஐயரிடம் சொல்லிவிட்டாராம். ஹில்டா இதையெல்லாம் நினைத்தும் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியை மட்டும்தான் அவள் கேட்டிருந்தாள்.

எலியேசருக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மகனுக்காகச் செய்தேன் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அது சாக்கு மாதிரித்தான் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்குக் கோவம் இருக்கு ஹில்டா. இல்லேன்னு சொல்லமாட்டேன்.”

அவள் தலையசைத்தாள். பழைய வேகத்திலேயே வாசிப்போம், வாங்க என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. நடுக்கம் என்னுதுதான், நீ குடுத்ததில்ல. நீ அதைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் உக்கார வெச்சே, அவ்ளோதான். ஆனா அந்த இசை மெதுவாப் போறப்போதான் நல்லா இருக்கு, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ வெச்ச வேகத்துலயே வாசிக்கறேன். என்மேல பரிதாபப்பட்டு நடுவுல வேகத்தைக் கூட்டினே, அங்கேயே எழுந்து போயிடுவேன்.”

பெரிய வெள்ளிக்கிழமை வெயில் ஆலயத்தின் ஓடுகளில் இறங்கியிருந்தது. ஆலன் நிக்கோலுக்குப் பக்கத்தில், தாளைப் புரட்டிக் கொடுக்க உட்கார்ந்திருந்தான். ஹில்டா தலையசைத்தாள்.

செல்லோ நடுங்கியது. முன் பெஞ்சில் ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் கொஞ்சம் முந்திப் போய்விடலாம், தன் வயலினை உரக்க இழுத்து அந்த நடுக்கத்தை மூடிவிடலாம் என்று ஹில்டாவின் கை துடித்தது. அவள் முந்தவில்லை. எலியேசர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அவருடைய சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

முடிவில் வயலின் முன்னதாகவே நின்றுவிடும்; கடைசிச் சுரத்தைச் செல்லோ மட்டும் தனியாக இழுக்கும். ஹில்டா வயலினை மடியில் இறக்கினாள். மூடிவிட இனி அவள் கையில் ஒலி எதுவும் இல்லை. தத்தித் தத்தி, விட்டு விட்டு, அந்தச் சுரம் தானாக ஓயும்வரை அவள் உட்கார்ந்து கேட்டாள்.