நர்ஸம்மாவின் எட்டு நிமிடம்

எதிர்க்கட்சியில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு மசோதாவுக்குப் பதினைந்து நிமிடம்தான் என்று விதி கொண்டுவந்தது வேறு யாருமில்லை, நானேதான். அப்போது நாங்கள் ஆளுங்கட்சி, நான் கொறடா. இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று கெஞ்சியவர்களை, மணியைக் காட்டி ஈவிரக்கமில்லாமல் உட்கார வைத்தேன். அவர்களில் என் தங்கை வீட்டுக்காரரும் ஒருவர். அதற்காகத் தங்கை ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தேர்தலில் மண்ணைக் கவ்வினோம். மூன்று கட்சிகள் கூடி ஆட்சி அமைத்தன. அதில் அந்த மாப்பிள்ளையின் கட்சிக்கு நாலே பேர்தான், ஆனால் ஆட்சி நிற்பதே அந்த நாலு பேரால். எல்லாவற்றையும் மாற்றிய புதிய அரசு என் விதியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது.

அன்றைய மசோதா சிறு ஊர்களின் பிரசவ வார்டுகளை மூடுவது. ஐந்து மணிக்கு வாக்கெடுப்பு. எங்கள் பக்கம் புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர், இருபது வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. காலையிலேயே என் அறைக்கு வந்துவிட்டார்.

"எட்டு நிமிஷம் போதுங்க. எங்க ஊர் வார்டும் அந்த லிஸ்ட்ல இருக்கு."

பதினைந்தும் எங்கள் கட்சித் தலைவருக்கே என்று ஏற்கனவே எழுதியாகிவிட்டது. வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டு மாப்பிள்ளையைத் தேடிப் போனேன். கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, உங்க கட்சி நேரம் எட்டு நிமிஷம் இருக்குல்ல..."

"மணியைக் காட்டினீங்களே மச்சான், ஞாபகம் இருக்கா?" என்றார். பிறகு அவரே இரங்கி வந்தார். "சரி, எடுத்துக்குங்க. எங்களுக்கும் இந்த மசோதா உறுத்தலாத்தான் இருக்கு. அந்தம்மா பேசட்டும். கேட்டுட்டு நாலு பேரும் முடிவு பண்றோம்."

கால் தரையில் பாவவில்லை எனக்கு. நேரத்தை மாற்றித் தர அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைச் சபாநாயகரிடம் கொடுத்தேன். எங்களுக்கு மொத்தம் இருபத்து மூன்று நிமிடம் என்று அறிவித்தார்கள்.

தலைவர் எழுந்தார். மசோதாவில் ஆரம்பித்து, தான் கட்டிய பாலங்களுக்குப் போய், அங்கிருந்து தன் சிறைவாசத்துக்குப் போனார். பதினைந்து நிமிடம் தாண்டியது. அவரை நிறுத்துவது இப்போதும் கொறடாவான என் வேலை. பத்து வருட ஆட்சியில் அந்த வேலையை நான் ஒருநாளும் செய்ததில்லை. அவர் பேசினால் மேசையைத் தட்டுவேன், அவ்வளவுதான் பழக்கம்.

'போதும்' என்று ஒரு சீட்டு எழுதினேன். கை கூசியது, கிழித்துவிட்டேன். பிறகு வழக்கமான மரியாதையோடு எழுதினேன்: 'அருமை ஐயா. அடுத்து நர்ஸம்மா பேச வேண்டும்.' சீட்டு அவர் கைக்குப் போனது. முதல் வார்த்தையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் பள்ளிக்கூட நாட்களுக்குப் போய்விட்டார். பின்வரிசைகள் மேசையைத் தட்டின. பாழாய்ப்போன என் கையும் கூடச் சேர்ந்து தட்டியது.

நர்ஸம்மாவுக்கு மிஞ்சியது நாற்பது விநாடி. "மதிப்பிற்குரிய சபாநாயகர் அவர்களே, எங்கள் ஊரிலிருந்து அடுத்த ஆஸ்பத்திரிக்கு..." என்றபோது மைக் அணைந்தது. உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன. பிறகு உட்கார்ந்து, காகிதங்களை அடுக்கினார்.

வாக்கெடுப்பில் மாப்பிள்ளை என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அரசோடு சேர்ந்து கையைத் தூக்கினார். மற்ற மூன்று கைகளும் தூங்கி எழுந்த மாதிரி மெதுவாக எழுந்தன. மசோதா நிறைவேறியது.

வெளியே நடைபாதையில் நர்ஸம்மா வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேரம் வாங்கித் தந்தீங்களே, அதுவே பெருசுங்க. வார்டு இருக்கும்போதே, அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புற வழியில போன வருஷம் மட்டும் பதினோரு பிரசவம் வேன்லயே பாத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தலைவரிடம் போய்க் கேட்டுவிடுவது என்று திரும்பினேன். அவரே எதிரில் வந்து என் தோளில் கை போட்டார்.

"என்னப்பா, பேச்சு எப்படி?"

"பிரமாதம்ங்கய்யா" என்றேன்.