மாடியில் வைத்த பொறி

பென்டிரைவைச் செருகிய அடுத்த நிமிடம் அந்தக் கல்லூரிப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த அம்புக்குறியோடு ஒரு ஷார்ட்கட் மட்டும் இருந்தது. அதைத் தட்டினால் ஒரு கறுப்புக் கட்டம் கண் சிமிட்டிவிட்டு மறைந்தது. ஃபோல்டர் திறக்கவில்லை.

"வீட்ல நல்லாதான் இருந்துச்சு. உங்க கம்ப்யூட்டர்ல போட்டதும்தான் இப்படி ஆயிடுச்சு."

"என் கம்ப்யூட்டர் மேல பழி போடாதம்மா. போன மாசம்தான் அதைக் குளிப்பாட்டி வச்சிருக்கேன்," என்றார் கடைக்காரர்.

பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் செய்யும் கடை அது. முன்னால் கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் அவர் பொறுப்பு. பின்னால் பைண்டிங் மேசை அவர் மனைவியின் ராஜ்ஜியம். கடைக்கு மேலேயே வீடு. தெருவில் அவருக்கு 'சி.ஐ.டி.' என்று பெயர். தராசு சரியாக நின்றாலும் ஏன் சரியாக நிற்கிறது என்று சந்தேகப்படுகிறவர் என்பதால் வந்த பட்டம்.

நல்லவேளையாக மனைவியின் தம்பி அப்போது சாப்பிட வந்தான். அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தான். பைக் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே உட்கார்ந்து, கீபோர்டில் எதையோ தட்டி, மறைந்திருந்த ஃபோல்டர்களை வெளியே இழுத்துப் போட்டான்.

"ஃபைல் எங்கேயும் போகலை. ஒளிச்சு வச்சுட்டு, பொம்மையை முன்னாடி நிறுத்தியிருக்கு. அவ்வளவுதான்."

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"ஏன் மாப்ள, உங்க கம்பெனி சாஃப்ட்வேர்தானே இதுல ஓடுது? அது ஏன் பிடிக்கலை?"

"அப்டேட் ஓடினா மெஷின் ஆமை மாதிரி நகருதுன்னு நீங்கதானே மாமா அதை நிறுத்தி வச்சிருக்கீங்க."

"சரி. லைசென்ஸ் எப்போ முடியுது?"

"அடுத்த வாரம்."

"போன வருஷம் வைரஸ் எப்போ வந்துச்சு?"

தம்பி எழுந்து சாப்பிடப் போனான். அவனுக்கு ஞாபகம் இருந்தது. போன வருஷமும் லைசென்ஸ் முடிகிற சமயத்தில்தான் வந்தது.

தம்பி ஒரு பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. கம்ப்யூட்டரும் தெரியும், பேசவும் வரும் என்று எடுத்திருந்தார்கள். இதற்கு முன் அவன் வேலை பார்த்த இரண்டு இடங்களும் இழுத்து மூடப்பட்டன. இங்கே இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கடைத்தெரு மொத்தத்தையும் வாடிக்கையாளராகப் பிடித்துக் கொடுத்தால் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதை அக்காவிடம் அவன் ஒரு முறைதான் சொன்னான். அக்கா அதைத் தினமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு விக்கறவனுக்குத் திருடன் இல்லாட்டி பிழைப்பு ஏது?" என்றார் மனைவியிடம். "இவங்களே எழுதி, இவங்களே வெளியில விட்டு, இவங்களே பிடிச்சுக் கொடுக்கறாங்க."

"அப்போ என் தம்பி திருடனா?"

"அவன் பாவம், சோப்பு விக்கற மாதிரி விக்கறான். நான் மேலே இருக்கறவங்களைச் சொல்றேன்."

"மேலே இருக்கறவங்களை விடுங்க. கீழே கஸ்டமர் நிக்கறாங்க, போய்ப் பாருங்க."

அவர் கஸ்டமரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு திட்டமும் போட்டார்.

மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசு படிந்து கிடந்தது. அதைத் துடைத்து, முழுவதும் அழித்து, புதிதாக அமைத்தார். மைத்துனனைக் கூப்பிட்டு அதற்கு மட்டும் ஒரு லைசென்ஸ் கேட்டார். மாமா மனசு மாறிவிட்டார் என்று தம்பிக்கு ஒரே குஷி. அவனே உட்கார்ந்து நிறுவிக் கொடுத்தான். கடைக் கம்ப்யூட்டருக்கும் புதுப்பித்துவிடலாமா என்று கேட்டபோது, "அதை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார்.

பொறி இதுதான். மாடிக் கம்ப்யூட்டரில் யாரும் எதையும் திறக்கக் கூடாது. மெயில் கிடையாது, படம் கிடையாது, வாடிக்கையாளர் பென்டிரைவ் கிடையவே கிடையாது. இணையத்திலிருந்து உள்ளே வருவது அந்தக் கம்பெனியின் அப்டேட் மட்டும். அப்படியும் ஒரு வைரஸ் வந்தால், கொண்டுவந்தவன் யார்?

மதியம் கடையில் கூட்டம் குறைந்ததும் மாடிக்குப் போவார். 'உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது' என்ற பச்சை நிறத் திரையைப் படமாகச் சேமிப்பார். கீழே வந்து பிரிண்ட் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஃபைலில் கோப்பார். மனைவி பைண்டிங் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னங்க அது, தினம் ஒரு பச்சைத் தாளு?"

"வேளை வரும்போது சொல்றேன்."

சில வாரங்கள் பச்சையாகவே போயின. ஒரு வெள்ளிக்கிழமை மாடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று மனைவி ஓடினாள். கடைக்காரர் திரையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகியிருந்தன. அதன் மேலேயே ஓர் ஓரத்தில், 'உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது.'

"மாட்டினான்!" என்றார்.

மறுநாள் தம்பிக்கு விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்கக் கூட்டம். அவனுடைய மேனேஜர் நேரில் வந்து பேசப் போகிறார். முடிவில் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

"மாமா, அந்த ஃபைலைக் கூட்டத்துக்குக் கொண்டு வராதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"மாப்ள, நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கம்பெனியைத்தான் கேப்பேன்."

"கம்பெனியைக் கேட்டா கம்பெனி என்னைத்தானே கேக்கும்!"

"அக்கிரமம் பண்றவன்கிட்ட நிரந்தரம் ஆகி என்ன பண்ணப் போறே?"

"சாப்பிடப் போறேன், மாமா."

மனைவி இருவருக்கும் நடுவில் தண்ணீர்ச் சொம்பை வைத்தாள். "ஏங்க, அவன் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஆனால் அவ்வளவு நாள் உட்கார்ந்து எடுத்த பிரிண்ட் ஃபைலுக்குள் கனத்தது.

சங்கக் கூட்டம் மருந்துக்கடைக்கு மேலே இருந்த ஹாலில் நடந்தது. மருந்துக்கடைக்காரர்தான் தலைவர். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைத் திரை, பிஸ்கட் தட்டு. மேனேஜர் இஸ்திரி கலையாத சட்டையில் நின்று பேசினார். உலகம் முழுக்க எத்தனை வைரஸ், அதில் அவர்கள் பிடித்தது எத்தனை என்று படம் படமாகக் காட்டினார். தம்பி பக்கத்தில் நின்று படத்தை மாற்றிக்கொண்டிருந்தான். மாமாவும் அக்காவும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் கண் மாமாவின் மடியில் இருந்த ஃபைலை விட்டு நகரவில்லை.

"கேள்வி ஏதாவது இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார்.

சி.ஐ.டி. எழுந்தார். "ஆரம்பிச்சுட்டாருய்யா," என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

நன்றாகத்தான் பேசினார். மாடிக் கம்ப்யூட்டர், அதன் விரதம், கம்பெனி அப்டேட்டைத் தவிர வேறு எதுவும் உள்ளே நுழையாத ஏற்பாடு, கடைசியில் வந்து சேர்ந்த வைரஸ். ஒவ்வொரு பிரிண்டாக எடுத்து நீட்டினார். தாள்கள் கை மாறிக்கொண்டே போயின. மேனேஜர் முகத்தில் இருந்த புன்னகை ஒரு பக்கமாகச் சரிந்தது. ஹாலில் பேச்சு எழுந்தது. 'அதானே, நானும் நினைச்சேன்' என்று மூன்று நான்கு குரல்கள். தம்பி தரையைப் பார்த்தான்.

மருந்துக்கடைக்காரர் ஒரு தாளைக் கண்ணருகே பிடித்தார்.

"பிரிண்ட் என்னமா இருக்குய்யா! எழுத்து கத்தி மாதிரி நிக்குது. போன்ல எடுத்ததா?"

இது கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "போன்லயா? போன்ல எடுத்தா கண்ணாடிப் பளபளப்பு விழும், எழுத்து சாயும். இத்தனை வருஷம் இந்தத் தொழில் பண்றவன் அதையா ஆதாரம்னு நீட்டுவேன்? ஒரிஜினல் ஸ்கிரீன், அப்படியே சேவ் பண்ணி, கீழே லேசர்ல எடுத்தது."

"கீழேயா? கடையிலயா?"

"பின்னே? மாடியில பிரிண்டர் ஏது?"

"அப்போ மாடியிலேர்ந்து கடைக்கு எப்படிக் கொண்டுவந்தே?"

"பென்டிரை..."

வார்த்தை பாதியில் நின்றது. பின்வரிசையில் ஒருவர் சிரிக்க, அது நாற்காலி நாற்காலியாக முன்னால் வந்தது. தெருவில் எல்லாருடைய பென்டிரைவும் படுத்து எழுந்த கடைக் கம்ப்யூட்டர் அது. லைசென்ஸ் முடிந்து வாரக்கணக்கில் காவல் இல்லாமல் கிடந்தது. அதில் தினமும் செருகிய பென்டிரைவை அவரே தினமும் மாடிக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

மேனேஜருக்கு உயிர் வந்தது. "சார், எங்க கம்பெனிக்கு இப்படி ஒரு ஆள் இலவசமா வேலை செய்யறது எனக்கே தெரியாது! டெலிவரி பாய்னு ஐடி கார்டு போட்டுத் தரட்டுமா?"

சிரிப்பு இன்னும் பெரிதானது. கடைக்காரர் உட்கார்ந்தார். ஃபைலை மூடவும் தோன்றாமல் மடியில் வைத்துக்கொண்டார். தம்பிக்கு மூச்சு வந்தது. பிழைத்தோம் என்று அக்காவைப் பார்த்தான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. வீட்டில் அவரை அவள் கேலி செய்யாத நாள் இல்லை. ஆனால் இஸ்திரிச் சட்டை போட்ட அந்நியன் ஒருவன் செய்வது வேறு. அவள் எழுந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். பென்டிரைவ்ல வந்துச்சு, ஒத்துக்கறோம். மாடிக் கம்ப்யூட்டர்ல உங்க சாஃப்ட்வேர் இருந்துச்சு. லைசென்ஸ் இருந்துச்சு. அப்டேட் இருந்துச்சு. வைரஸ் வாசல் வழியா நடந்து வந்தப்போ அது என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

சிரிப்பு நின்றது.

"திருடனை அனுப்பலைய்யா," என்றார் மருந்துக்கடைக்காரர் மெதுவாக. "வாட்ச்மேன் தூங்கியிருக்கான். அதுக்குப் பச்சை விளக்கு வேற."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "டெக்னிக்கல் விஷயம். எங்க பையன் விளக்குவான்." தம்பியின் தோளைத் தட்டினார். தட்டிய கை அங்கேயே இருந்தது.

சொல்ல வேண்டிய பதில் தம்பிக்கு மனப்பாடம். வாடிக்கையாளர் கவனக்குறைவு. உயர் ரகப் பதிப்பை வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது. பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. அதைச் சொன்னால் மாமா இன்னொரு முறை கோமாளி ஆவார். அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"அது புது வைரஸ்," என்றான். "எங்க பட்டியல்ல அன்னிக்கு இல்லை. நேத்து வந்த அப்டேட்லதான் சேர்ந்துச்சு. எல்லாத்தையும் பிடிக்கற சாஃப்ட்வேர் எங்ககிட்ட இல்லை. யார்கிட்டயும் இல்லை. அப்படி யாராவது சொன்னா வாங்காதீங்க."

தோளில் இருந்த கை எடுக்கப்பட்டது.

"அப்போ நீங்களே வைரஸ் எழுதறது?" என்று ஒரு குரல் கேட்டது.

"இல்லைங்க. அதுக்கு அவசியமே இல்லை, வெளியில இருக்கறதே தாராளம். ஆனா பயத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதறோம். நூறு ஆபத்துன்னு சிவப்புல காட்டுதே, அதுல முக்கால்வாசி நீங்க பார்த்த வெப்சைட் விட்டுட்டுப் போன குப்பை. ஒண்ணும் பண்ணாது. லைசென்ஸ் முடியற வாரம் பார்த்து அதையும் கூட்டிக் காட்டும்."

மேனேஜர் லேப்டாப்பை மூடினார். கையெழுத்துத் தாளை எடுத்துப் பைக்குள் வைத்தார். டீ வருகிறது என்று யாரோ சொன்னதற்கு, வேறு வேலை இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை காலை மெயில் வந்தது. நான்கு வரி. அவனுடைய எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தார்கள். தம்பி அதை அக்காவிடம் காட்டினான். அவள் படித்துவிட்டு ஒரு புத்தகத்துக்குச் சுருள் கம்பி ஏற்ற ஆரம்பித்தாள். இரண்டு முறை தப்பாக ஏற்றினாள்.

"நான் எழுந்திருக்காம இருந்திருக்கணும்டா."

"விடுக்கா. கேக்க வேண்டிய கேள்விதான்."

கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கடைசியில் வேறு வழியாக வந்தார்.

"உண்மையைச் சொன்னவனை ஒரே நாள்ல தூக்கிட்டான் பாரு. அப்போ உள்ளே இன்னும் என்னமோ..."

"ஏங்க!" என்றாள் மனைவி.

மதியம் மருந்துக்கடைக்காரர் கடைப் படியேறி வந்தார். அவருடைய பில் போடும் கம்ப்யூட்டர் இரண்டு நாளாக இழுக்கிறதாம்.

"தம்பி இருக்கானா?"

"அவனுக்கு வேலை போயிடுச்சுங்க," என்றாள் அக்கா.

"தெரியும். அதான் வந்தேன்." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னப்பா, இப்போ நீ எந்தக் கம்பெனிக்கும் எதையும் விக்கலையே?"

"இல்லைங்க."

"அப்படின்னா வா. என்ன கோளாறுன்னு பார்த்து, முடியும்னா முடியும்னு சொல்லு, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. எனக்கு அது போதும். பக்கத்துல செருப்புக்கடைக்காரரும் காத்திருக்கார்."

தம்பி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கடைக்காரர் ஒரு நிமிடம் நாற்காலியில் நெளிந்தார். பிறகு மனைவியிடம், "கடையைப் பார்த்துக்க, இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவன் பின்னாலேயே நடந்தார்.

"நீங்க எதுக்கு மாமா?"

"சும்மாதான். நீ வேலையைப் பாரு. நான் எதையும் தொட மாட்டேன்."